பழுதும் பாடமும்: வீட்டுத் திரையரங்கக் கணினியை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சங்கப் பாடலொன்றைப் பற்றியோ புதிய சிறுகதைத் தொகுப்பொன்றைப் பற்றியோ எழுதியிருக்க வேண்டிய இடத்தில் தொலைக்காட்சிக் கம்பியைப் பற்றி எழுத முற்படுகிறோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் ட்யூனர் அட்டைக்கும் என்ன உறவு என்று துறை நண்பர்கள் பலமுறை கேட்டதுண்டு. அக்கேள்விக்கான விடையாக இதைக் கொள்ளலாம். அதைக் காட்டிலும், நம் வீட்டுப் பரண்களில் அழிந்துகொண்டிருக்கும் ஒளிநாடாக்களின் பொருட்டு எழுதப்பட்ட முறையீடாகக் கொண்டால் மகிழ்வோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொலைக்காட்சியோடு இணைத்த கணினியில் படம் சரியாக வரவில்லை என்றால், பழுது பெரும்பாலும் கணினியில் இருப்பதில்லை, மென்பொருளிலும் இருப்பதில்லை. கம்பியிலோ, கம்பி வந்து சேரும் இடத்திலோ இருக்கிறது. ஆயினும் நாம் முதலில் குற்றம் சாட்டுவது விலை உயர்ந்ததையும் கண்ணுக்குத் தெரிவதையும்தான். இந்தப் பழக்கத்தால் நாம் இழந்த நாட்கள் பல. ஒருமுறை அதனினும் பெரியதொன்றை இழக்க இருந்தோம்.

2004ஆம் ஆண்டு. முதுகலை முடித்துத் தற்காலிக விரிவுரையாளர் பணியில் சேர்ந்திருந்த காலம். சேமிப்பில் ஒரு கணினியும் அதனுள் செருகும் ட்யூனர் அட்டையும் வாங்கினோம். அந்நாளில் கிடைத்த மலிவான அட்டைகள் பலவற்றில் பி.டி. 878 என்னும் சில்லே இருந்தது. கேபிள் வடத்தை அட்டையின் பின்புறம் செருகிவிட்டால் கணினித் திரையில் தொலைக்காட்சி தெரியும்; வேண்டியதை வன்தட்டில் பதிந்துகொள்ளலாம். எழுத்தாளர் நேர்காணல்களையும் பழைய திரைப்படங்களையும் பதிந்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது நம் ஆசை.

படம் வந்தது, மழை பெய்வது போன்ற புள்ளிகளோடு வந்தது. அட்டை மட்டமானது என்று உடனே முடிவு கட்டினோம். இயக்கி மென்பொருளை நான்கு முறை நீக்கி நிறுவினோம். விண்டோஸ் எக்ஸ்பியையே அழித்து மறுபடியும் ஏற்றினோம். கடைக்காரரோடு வாதாடி அட்டையை மாற்றினோம். மாற்றிய அட்டையிலும் அதே மழை.

காரணம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தெருவிலிருந்து வந்த வடம் கூடத்துக்கும் கீழ்வீட்டுக்கும் பின்னறைக்குமாக மூன்று ஸ்ப்ளிட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, கடைசியில்தான் கணினிக்கு வந்தது. இரு கிளை ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சமிக்ஞையைப் பாதியாகப் பிரிக்கிறது. உள்ளிழப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறைகிறது. மூன்றையும் தாண்டி வந்த சமிக்ஞை மூலத்தின் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. போதாக்குறைக்கு இடையில் ஓரிடத்தில் வடத்தின் தோலை உரித்து, கம்பியோடு கம்பியை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். தொலைக்காட்சி வடம் 75 ஓம் மின்மறுப்புடையது. அந்த அளவு ஓரிடத்தில் குலைந்தால் சமிக்ஞையின் ஒரு பகுதி அங்கே மோதித் திரும்பும். படத்தின் விளிம்புகளில் நிழல் போல் இன்னொரு விளிம்பு தெரிவது அதனால்தான். ஒன்றும் செருகாமல் திறந்து விட்ட ஸ்ப்ளிட்டர் வாயும் இதே வேலையைச் செய்யும். அதற்கு 75 ஓம் மூடி உண்டு, விலை மிகச் சொற்பம்.

அப்போது பூஸ்டர் ஒன்றை வாங்கிக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். புள்ளிகள் குறையவில்லை. மூன்று பிரிவுகளைக் கடந்து மெலிந்து, இரைச்சலோடு கலந்து வந்த சமிக்ஞையை அங்கே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் வைக்க வேண்டிய இடம் இழப்புக்கு முன்னால். அதாவது வடம் வீட்டுக்குள் நுழையும் இடம். வடத்தை ஒரே ஸ்ப்ளிட்டரோடு நேராக இழுத்து, முறுக்கிய இடத்தை வெட்டி முறையான இணைப்பி பொருத்தியதும் பூஸ்டரே தேவைப்படவில்லை.

இதில் நமக்கு உறைத்த செய்தி வேறு. வகுப்பில் பாடபேதம் கற்பிக்கிறோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, அதன் பிறகே பாடத்தை முடிவு செய்தார் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஓரிடத்தில் பொருள் விளங்கவில்லை என்றால் புலவனைப் பழிக்காதே, முதலில் ஏடு பெயர்த்தெழுதியவரின் கை வழுவிற்றா என்று பார் என்கிறோம். வீட்டுக்கு வந்தால் நேர்மாறாக நடந்துகொள்கிறோம். நிலையத்திலிருந்து திரை வரை சமிக்ஞை பல கைகள் மாறி வருகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு படியெடுப்பு. எந்தப் படியில் பிழை புகுந்தது என்று ஒப்பிட்டுப் பாராமல் கடைசிப் பிரதியைக் கிழித்தெறிவது பதிப்பு நெறியாகாது. பழுது நீக்கும் நெறியும் ஆகாது.

அன்று முதல் நாம் கைக்கொள்ளும் முறை எளியது. வடம் வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில், நன்றாக இயங்குவதாகத் தெரிந்த கருவியொன்றை நேரடியாக மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே படம் தெளிவாக இருந்தால் பழுது உள்ளே இருக்கிறது, இல்லையென்றால் வெளியே. பிறகு ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

இனி, நாம் இழக்க இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவின் போது நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுவார். 1994ஆம் ஆண்டுத் திருவிழாவில் ஓரிரவுக் கூத்தை, கல்யாண வீடியோ எடுக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் மூன்று மணி நேர வி.எச்.எஸ். நாடாவில் பதிந்து கொடுத்தார். தந்தையார் 2015இல் மறைந்தார். அவர் மேடையில் நிற்கும் பதிவு அது ஒன்றுதான். 2018இல் அந்நாடாவைக் கணினிக்கு மாற்ற முனைந்தோம். ஒளிநாடாக் கருவிகளைக் கடைசி வரை உற்பத்தி செய்துவந்ததாக அறியப்பட்ட ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டிருந்தது. உறவினர் வீட்டிலிருந்து ஒரு கருவியை இரவல் பெற்றோம். பழைய ட்யூனர் அட்டையைப் பழைய கணினியிலேயே திரும்பப் பொருத்தினோம். அவ்வகை அட்டைகளில் ஒளிநாடாக் கருவியின் மஞ்சள் முனையை ஏற்கும் உள்ளீடு ஒன்று உண்டு.

முதல் நாள், படத்தின் குறுக்கே இருண்ட பட்டையொன்று மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தது. நாடா கெட்டுவிட்டது என்றே எண்ணினோம். மனம் கனத்தது. தாளை எடுத்து, நம் முறைப்படி ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினோம். அட்டையின் மற்றொரு வாயில் செருகியிருந்த கேபிள் வடத்தைப் பிடுங்கிய நொடியில் பட்டை மறைந்தது. கணினி மூன்று முனைப் பிளக்கின் வழியே வீட்டின் நிலத்தொடர்பில் இருக்கிறது. கேபிள் வடத்தின் வெளியுறை தெருவில் எங்கோ வேறு நிலத்தொடர்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால் உறையின் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாயும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 புலங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் பட்டை ஓடி மறையாமல் மெல்ல நகர்கிறது. கேபிள் முனையைத் தொடும்போது விரலில் சுரீரென்று உணர்ந்தவர்களுக்கு இது புரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டையைப் போக்கக் கணினிப் பிளக்கின் மூன்றாவது முனையை ஒடித்துவிடுவோர் உண்டு. பட்டை போகும், உயிரும் போகக்கூடும். வடத்தின் வழியில் பொருத்துவதற்கென்றே தனிமைப்படுத்தி எனப்படும் சிறு பொருள் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் நாடாவை மாற்றும் நேரத்துக்கு மட்டும் கேபிளைக் கழற்றி வைத்தால் போதும்.

இரண்டாம் நாள் படம் தெளிவாக வந்தது. அம்மாவை அழைத்து அமர வைத்தோம். சற்று நேரம் பார்த்திருந்தவர், "வாய் அசையுதே, பேச்சைக் காணோமே" என்றார்.

கூத்தறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அருச்சுனனுக்கும் துரியோதனனுக்கும் பாட்டு உண்டு, ஏடு உண்டு, வாத்தியார் மனத்தில் பாடம் உண்டு. கட்டியங்காரனுக்கு அப்படியில்லை. அன்றிரவு, அந்தக் கூட்டத்தின் முன், வாயில் வந்ததே அவனுடைய பனுவல். குரல் இல்லாத கட்டியங்காரன் வெறும் வேடம்.

ட்யூனர் அட்டையின் மஞ்சள் முனை படத்தை மட்டுமே ஏற்கும் என்பது நமக்கு மறந்துபோயிருந்தது. ஒலியை ஒளிநாடாக் கருவியிலிருந்து தனி வடத்தால் ஒலியட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனோம், குரல் வந்தது. தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற கரகரப்போடு வந்தது. மறுபடியும் நாடாவையே குற்றம் சாட்டினோம். இருபத்து நான்கு ஆண்டுகள் பரணில் கிடந்தது வேறு எப்படி இருக்கும் என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அப்படியே பதிந்து முடித்து, நாடாவைத் தூக்கிப் போட்டிருக்கவும் கூடும்.

கணினியின் பின்புறத்தில் இளஞ்சிவப்பு வாய் ஒலிவாங்கிக்கு உரியது. நீல வாய் வெளிக் கருவிகளுக்கு உரியது. ஒலிவாங்கி தரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே இளஞ்சிவப்பு வாயின் உள்ளே பெருக்கம் மிகுதி. ஒளிநாடாக் கருவி தருவது அதைப் போல் பல மடங்கு. அதை இளஞ்சிவப்பு வாயில் செருகியிருந்தோம். நீல வாய்க்கு மாற்றினோம். அவ்வளவுதான். முகவீணைக்கும் தாளத்துக்கும் மேலே எழும்பி, தந்தையாரின் குரல் அறைக்குள் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் அமர்ந்தார்.

அதன் பின்னரும் சில சிக்கல்கள் இருந்தன. படத்தை ஒரு கடிகாரமும் ஒலியை இன்னொரு கடிகாரமும் எண்ணுவதால் ஒரு மணி நேரத்துக்குள் வாயும் சொல்லும் விலகத் தொடங்கின. விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள்களில் இதைச் சரிக்கட்டும் வசதி உண்டு. 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்ற அளவில் சுருக்காமல் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் ஆகும். அன்றைக்கு அது பெரிய அளவு. இன்றைய வன்தட்டில் ஒரு மூலைக்குக் காணாது. முதற்பிரதியைத் தரம் குறையாமல் வைத்துக்கொண்டு, பிறகு சுருக்கிய படி எடுத்து உறவினர்களுக்குத் தருவதே நல்லது. ஏட்டுச்சுவடிக்கும் அதுதானே முறை.

இவ்வளவு பட்ட பிறகும் நாம் முழுமையாகத் திருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டு, 2012இல் பெருநகரங்களில் தொடங்கி நான்கு கட்டங்களாக நாடெங்கும் கேபிள் டிஜிட்டலுக்கு மாறியது. சமிக்ஞை பூட்டப்பட்டது, திறவுகோல் செட் டாப் பாக்ஸுக்குள் போனது. பழைய ட்யூனர் அட்டைக்கு கேபிளில் வேலை இல்லாமல் போயிற்று. பூட்டில்லாத வழியாக நமக்கு எஞ்சியது தூர்தர்ஷனின் இலவச டிஷ். ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வரும் அதன் அலைவரிசைகளில் பெரும்பாலானவற்றை, செயற்கைக்கோள் ட்யூனர் உள்ள எந்தக் கணினியும் நேரடியாகப் பெறலாம், பதியலாம். டிவிஹெட்எண்ட், கோடி ஆகிய கட்டற்ற மென்பொருள்களோடு அத்தகைய கணினி ஒன்றை அமைத்து, டிடி தமிழின் நிகழ்ச்சிகளைப் பதிந்து வந்தோம்.

அம்மாவின் அறைக்கும் ஒரு பெட்டி வைக்க எண்ணி, அது வந்து சேர்வதற்கு முன்பே வடத்தைப் பிரித்து இழுத்து வைத்தோம். இழுப்பறையில் கிடந்த பழைய ஸ்ப்ளிட்டர் கைகொடுத்தது. அதே மாலையில் மென்பொருளையும் புதுப்பித்தோம். இரவு பார்த்தால் ஒரு அலைவரிசையும் இல்லை. மூன்று நாட்கள் மென்பொருளோடு போராடினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஊருக்கு உபதேசித்தவர்கள், ஒரே மாலையில் இரண்டை மாற்றியிருந்தோம்.

நான்காம் நாள் பெட்டி பொருத்த வந்த இளைஞர் ஸ்ப்ளிட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார், இதுலயே போட்டிருக்கே, பார்க்கலையா?" என்றார். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அதன் முதுகில் அச்சிட்டிருந்தது.

டிஷ்ஷின் முகப்பில் உள்ள எல்.என்.பி., வானிலிருந்து வரும் மிக உயர்ந்த அதிர்வெண்ணை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கித்தான் வடத்தில் அனுப்புகிறது. இலவச டிஷ்ஷுக்கு உரிய அலைகள் அதில் 1000க்கு மேலேதான் வருகின்றன. கேபிளுக்கென்று செய்த ஸ்ப்ளிட்டர் அவற்றுக்கு உரியதன்று. அதோடு, எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் ட்யூனரிலிருந்து அதே வடத்தின் வழியேதான் மேலே போக வேண்டும். அதையும் நம் ஸ்ப்ளிட்டர் தடுத்துவிட்டது. இரண்டு கருவிகள் தனித்தனியே இயங்க வேண்டுமானால் இரட்டை வாய் எல்.என்.பி. மாட்டி, இரண்டு வடம் இழுப்பதே சரி என்றும் அந்த இளைஞர் சொன்னார். கல்வெட்டு வாசிக்கக் கற்றவர்கள் நாம். கையிலிருந்த பொருளின் மேல் எழுதியிருந்ததை வாசிக்கவில்லை.

டிஜிட்டலில் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய முறையில் சமிக்ஞை மெலிய மெலியப் படம் மெல்ல மங்கும். நமக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும். டிஜிட்டலில் படம் நன்றாகவே இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து அடியோடு நின்றுவிடும். ஆகவே படம் இருக்கும்போதே அளவுகளைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். வலிமை என்று காட்டும் கோட்டை நம்பக்கூடாது. தரம் என்று காட்டும் கோட்டையே நம்ப வேண்டும். டிஷ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும் முன்னது உயர்ந்தே நிற்கக்கூடும்.

இவற்றையெல்லாம் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடலாமே, ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த இளைஞரைப் போன்றவர்களின் அறிவை நாம் குறைத்து மதிப்பவர்கள் அல்லர். அவர் பத்து நொடியில் கண்டதை நாம் மூன்று நாளில் காணவில்லை. ஆனால் 1994ஆம் ஆண்டு நாடாவில் எந்தக் கரகரப்பு நாடாவினுடையது, எந்தக் கரகரப்பு நாம் செய்த பிழை என்று உட்கார்ந்து பார்க்கும் பொறுமை, அந்தக் குரலை அறிந்தவருக்குத்தான் இருக்கும். கடையில் கொடுத்திருந்தால் "நாடா பழசு சார், இவ்வளவுதான் வரும்" என்று சொல்லித் திருப்பித் தந்திருப்பார்கள்; நாமும் நம்பியிருப்போம்.

பார்ப்பவர் பதிந்துகொள்ள வழியில்லாத பூட்டிய பெட்டிகளைப் பற்றி நமக்கு மனக்குறை உண்டு. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதும், வீட்டில் தனிப் பயனுக்காகப் பதிந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பதும் நம் விருப்பம். ஆனால் அது நம் கையில் இல்லை. பரணில் இருக்கும் நாடா நம் கையில் இருக்கிறது. கூத்து, பட்டிமன்றம், கவியரங்கம், ஊர்த் திருவிழா, ஓய்வுபெற்ற பேராசிரியரின் உரை என்று தமிழ்நாட்டு வீடுகளில் பதிந்து வைத்தவை எத்தனையோ. அவற்றுக்கு வேறு படி இல்லை. பூஞ்சை பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே இருக்கின்றன.

இலக்கியம் பயின்றவர்கள் இதைத் தம் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பதே நம் முறையீடு. அடுத்த விடுமுறையில் பரணில் ஏறி நாடாக்களை இறக்குங்கள். பூஞ்சை பிடித்ததைக் கருவியில் இடாதீர்கள். அது கருவியையும் கெடுத்து அடுத்த நாடாவையும் கெடுக்கும். நல்லவற்றை முதலில் மாற்றுங்கள். படம் கெட்டிருந்தால் நாடாவைப் பழிக்கும் முன் வடத்தைக் கழற்றி மாட்டுங்கள். குரல் கெட்டிருந்தால் வாயின் நிறத்தைப் பாருங்கள். பொருளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். மாற்றி முடித்த பின்னும் நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம்.

நம் நாடாவில் ஒரு மணி நாற்பதாம் நிமிடத்தை ஒட்டி ஓரிடம் வருகிறது. கட்டியங்காரன் திரும்பி வீடியோ எடுப்பவரையே வம்புக்கு இழுக்கிறான். இந்தப் பெட்டிக்குள் என்னைப் பிடித்து அடைத்து எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்கிறான். கூட்டம் சிரிக்கிறது. கரகரப்பில் அந்தச் சொற்கள் நமக்குப் புரிந்திருக்கவில்லை. நீல வாய்க்கு மாற்றிய பிறகுதான் கேட்டது.